பால் ஸ்டோரில் இருந்த அமிலம் கோழிப் பண்ணையில் என்ன செய்கிறது?

செமோர், கந்தான், தானா ஈத்தாம், சங்காட் கிண்டிங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த நெடியைப் பற்றிச் சொல்லித் தரத் தேவையில்லை. பால் ஸ்டோரில் தொட்டி நிறைய வெள்ளையாகக் கிடக்கும் பாலில் தண்ணீர் கலந்த ஆசிட்டை ஊற்றிக் கலக்குவார்கள். மூக்கில் சுருக்கென்று ஏறும். கையில் பட்டால் எரியும். கொஞ்ச நேரத்தில் பால் உறைந்து, ஷீட் அடிக்கத் தயாராகிவிடும். மலாயில் அதற்கு 'சூக்கா கெத்தா', அதாவது ரப்பர் காடி என்று பெயர். வேதியியலில் அது ஃபார்மிக் அமிலம். 'ஃபார்மிகா' என்ற லத்தீன் சொல்லுக்கு எறும்பு என்று பொருள். ஜான் ரே என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர் 1671-இல், எறும்புகளைக் காய்ச்சி வடித்து இந்த அமிலம் எடுப்பதை விவரித்தார். எறும்பு கடித்தால் சுருக்கென்று எரிவதும் அந்தக் குடும்பத்து வேலைதான்.

ரப்பர் மரங்கள் போய் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் வந்துவிட்டன. ஆனால் அந்த அமிலம் நம்மைவிட்டுப் போகவில்லை. இன்று அது இறைச்சிக் கோழிப் பண்ணைகளின் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் டிரம்மில் இருக்கிறது. தீவன ஆலைகளில் சோளத்தோடும் சோயாவோடும் கலக்கப்படுகிறது. கூடவே அசெட்டிக், புரோப்பியோனிக், லாக்டிக், பியூட்டிரிக், சிட்ரிக் என்று அதன் உறவினர்களும் வருகின்றன. இவை எல்லாவற்றுக்கும் பொதுப் பெயர் கரிம அமிலங்கள்.

கோழிக்கு எதற்கு ஆசிட் என்று கேட்பவர்கள் உண்டு. சிலர் அதைக் கேட்டதுமே முகம் சுளிக்கிறார்கள். சுளிக்க வேண்டிய விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது. அதிலிருந்து தொடங்கினால்தான் இந்த அமிலக் கதை புரியும்.

ஏன் இப்போது?

இறைச்சிக் கோழி ஏறக்குறைய ஐந்து வாரத்தில் இரண்டு கிலோ எடைக்கு வந்துவிடும். ஒரே கொட்டகையில் ஆயிரக்கணக்கான கோழிகள், ஒரே தரை, ஒரே தண்ணீர்க் குழாய். ஒன்றுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மற்றவற்றுக்கு வர நேரம் ஆகாது. அதனால் உலகம் முழுவதும் பல பத்தாண்டுகளாக ஒரு பழக்கம் இருந்தது. நோய் இல்லாத கோழிக்கும் தீவனத்தில் தினமும் சிறிய அளவில் ஆன்டிபயாட்டிக் மருந்தைக் கலந்து கொடுப்பார்கள். குடலில் இருக்கும் கிருமிகள் அடங்கும், தின்ற தீனி உடம்பில் ஒட்டும், கோழி சீக்கிரம் வளரும். மலிவான வழி. ஆனால் சிறிய அளவு மருந்தைத் தினமும் சந்திக்கும் கிருமி, அந்த மருந்தைத் தாங்கப் பழகிக்கொள்கிறது. பழகிய கிருமி பண்ணையோடு நின்றுவிடுவதில்லை.

இதற்கு நம் நாடே அனுபவித்த உதாரணம் கொலிஸ்டின். மருத்துவமனையில் வேறு எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி ஒருவரைப் பிடித்துவிட்டால், கடைசியாகக் கையில் எடுக்கப்படும் மருந்துகளில் அது ஒன்று. சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால் மருத்துவர்கள் அதைச் சும்மா தொடமாட்டார்கள். அதே மருந்தைப் பண்ணைகளில் கோழிக்கும் பன்றிக்கும் தாராளமாகக் கொடுத்து வந்தார்கள். 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள், கொலிஸ்டினைத் தாங்கும் எம்சிஆர்-1 என்ற மரபணுவைப் பன்றிகளிலும் கடை இறைச்சியிலும் மருத்துவமனை நோயாளிகளிலும் கண்டதாக அறிவித்தார்கள். அந்த மரபணு ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது என்பதுதான் அதிர்ச்சி. அடுத்த ஆண்டே மலேசியாவில் எடுத்த ஈ. கோலை பாக்டீரியாக்களிலும் அது இருப்பதாக ஆய்வு வெளிவந்தது. 2019 ஜனவரி 1 முதல் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதை மலேசியா தடை செய்தது.

ஸ்வீடன் வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கொடுப்பதை 1986-லேயே நிறுத்திவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 ஜனவரி 1-இல் நிறுத்தியது. 2017-இல் உலக சுகாதார நிறுவனமும், நோய் இல்லாத விலங்குகளுக்கு இத்தகைய மருந்துகளைக் கொடுக்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது.

கிந்தா மாவட்டத்துக்காரர்களுக்கு, பண்ணையில் நடப்பது வீட்டுக்கு வரும் என்பதை யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1998-இல் நீப்பா வைரஸ் முதலில் தலைகாட்டியது ஈப்போவுக்குப் பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில். நாட்டில் 105 உயிர்கள் போயின. அது வைரஸ். நாம் பேசுவது பாக்டீரியா. அமிலத்துக்கும் நீப்பாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் கொட்டகைக்கும் மருத்துவமனைக்கும் இடையில் இருக்கும் தூரம் குறைவு என்பதை இந்த ஊர் மறந்திருக்காது.

மருந்தை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதை வைப்பது? அங்கேதான் அமிலம் வருகிறது.

கிருமிக்குள் நடக்கும் வேலை

அமிலம் என்றாலே எல்லாவற்றையும் கரைத்துவிடும் என்று நினைப்போம். கரிம அமிலம் கிருமியைக் கொல்லும் விதம் வேறு.

ஃபார்மிக், புரோப்பியோனிக் போன்றவை பலவீனமான அமிலங்கள். தண்ணீரில் போட்டால் ஒரு பகுதி உடைந்து மின்னூட்டம் பெறும். மறு பகுதி உடையாமல் முழுசாக இருக்கும். பாக்டீரியாவைச் சுற்றியுள்ள சவ்வு கொழுப்பால் ஆனது. மின்னூட்டம் உள்ளதை அது எளிதில் உள்ளே விடாது. உடையாத மூலக்கூறு மட்டும் யாரும் கவனிக்காத விருந்தாளியைப்போல் உள்ளே நுழைந்துவிடும். பாக்டீரியாவின் உட்பகுதி அமிலத்தன்மை இல்லாமல் நடுநிலையாக இருப்பதால், உள்ளே போனதும் அது உடைந்து தன் அமிலத்தை அங்கே கொட்டுகிறது. பாக்டீரியா அதை வெளியே தள்ளப் பார்க்கும். ஓட்டை விழுந்த சம்பானிலிருந்து தண்ணீரை இறைத்துக்கொண்டே இருப்பவன் துடுப்புப் போட முடியுமா? அதே நிலைதான். இருக்கும் சக்தியெல்லாம் இறைப்பதற்கே போய்விடுகிறது, பெருக முடிவதில்லை. அமிலத்தின் மறு பாதி உள்ளேயே தங்கி வேறு வேலைகளையும் கெடுக்கிறது.

சல்ஃபியூரிக், ஹைட்ரோகுளோரிக் போன்ற வலுவான அமிலங்களால் இந்த வேலையைச் செய்ய முடியாது. அவை தண்ணீரில் விழுந்த உடனே உடைந்துவிடும். உள்ளே நுழைய முழு மூலக்கூறு மிஞ்சாது. தண்ணீரைப் புளிப்பாக்குவதோடு சரி. வலுவானது தோற்கும் இடத்தில் பலவீனமானது ஜெயிக்கிறது.

இந்த விளக்கத்திலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. சுற்றியுள்ள இடம் எவ்வளவு புளிப்பாக இருக்கிறதோ அவ்வளவுக்கு உடையாத மூலக்கூறுகள் அதிகம் இருக்கும். ஃபார்மிக் அமிலத்தை எடுத்துக்கொள்வோம். பி.எச். அளவு 3.75-ஆக இருக்கும்போது பாதி உடையாமல் இருக்கும். 6.75-க்கு ஏறினால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். கோழியின் கழுத்தடியில் இருக்கும் தீனிப்பை ஓரளவு புளிப்பு. அதற்கு அடுத்த இரைப்பையும் அரைவைப்பையும் நல்ல புளிப்பு. குடல் ஏறக்குறைய நடுநிலை. ஆகவே தண்ணீரில் கலந்த ஃபார்மிக் அமிலம் தன் வேலையைத் தொட்டியிலும் குழாயிலும் தீவனத்திலும் தீனிப்பையிலும் காட்டும். குடலுக்குப் போய்ச் சேர்வதற்குள் பெரும்பகுதி உடம்பில் கலந்துவிடும், மிஞ்சியதும் பல் பிடுங்கிய பாம்பு மாதிரிதான். 'குடலில் உள்ள எல்லாக் கிருமியையும் கொல்லும்' என்று ஒரு விற்பனையாளர் டிரம்மைத் தட்டிச் சொன்னால், எப்படி என்று கேளுங்கள்.

அதற்கும் ஒரு வழி கண்டார்கள். அமிலத்தைக் கொழுப்புப் பூச்சுக்குள் அடைத்துத் தீவனத்தில் கலப்பது. கொழுப்பு குடலில்தான் செரிக்கும் என்பதால் அமிலமும் அங்கேதான் வெளியே வரும். இந்த முறையில் அதிகம் பயன்படுவது பியூட்டிரிக் அமிலம். அதன் வாடையும் தோட்டத்து மக்களுக்குத் தெரிந்ததே. நாள்பட்ட கட்டிப்பால் மூட்டையிலிருந்து வரும் நாற்றத்தில் பியூட்டிரிக், அசெட்டிக், புரோப்பியோனிக் மூன்றும் உண்டு. கெட்டுப்போன வெண்ணெயின் வாடையும் பியூட்டிரிக்தான். மூக்கைப் பொத்த வைக்கும் இந்தச் சரக்கு குடல் சுவர் செல்களுக்கு உணவு. பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். சால்மோனெல்லா பாக்டீரியா குடல் சுவரைத் துளைத்து உள்ளே புகப் பயன்படுத்தும் மரபணுக்களைப் பியூட்டிரிக் அமிலம் அடக்கிவைக்கிறது. அசெட்டிக் அமிலத்துக்கு அந்தக் குணம் இல்லை. எல்லா அமிலமும் ஒன்றுதான் என்று நினைத்து மலிவானதை வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

குடல் அழுகல் நோயை உண்டாக்கும் குளோஸ்ட்ரிடியம் போன்ற பாக்டீரியாவுக்கு எதிராக லாரிக் அமிலம் நன்றாக வேலை செய்கிறது. அது செம்பனைக் கொட்டை எண்ணெயில் ஏறக்குறைய பாதிப் பங்கு இருக்கும் சரக்கு. ரப்பர் காலத்து அமிலமும் செம்பனைக் காலத்து அமிலமும் ஒரே தீவன மூட்டையில் சந்தித்திருக்கின்றன!

சுண்ணாம்பு மலையும் அமிலமும்

செமோர் வட்டாரத்தில் கோழி வளர்ப்பவர்கள், வேறு ஊரில் எழுதிய குறிப்பைப் பார்த்து அப்படியே அளவு போட முடியாது. காரணம் கண்ணெதிரே நிற்கிறது. கந்தான் மலையைப் பாருங்கள். கிந்தா பள்ளத்தாக்கின் அடியிலும் ஓரத்திலும் சுண்ணாம்புக் கல். மழைநீர் அதன் வழியே ஊறி இறங்கும்போது சுண்ணாம்பைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு போகிறது. அந்தத் தண்ணீரைக் கேத்தலில் கொதிக்க வைத்தால் அடியில் வெள்ளையாகப் படியும்.

சுண்ணாம்பும் அமிலமும் பகையாளிகள். கிணற்றுத் தண்ணீரில் அமிலத்தை ஊற்றினால், முதல் பங்கு கிருமியைத் தொடுவதற்கு முன்பே தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்தை முறிப்பதில் செலவாகிவிடும். ஆற்று நீரைச் சுத்திகரித்து வரும் குழாய்த் தண்ணீரில் இந்தத் தொல்லை பெரும்பாலும் குறைவு. ஆயிரம் லிட்டருக்கு இவ்வளவு என்று டிரம்மில் போட்டிருக்கும் அளவு ஒரு பண்ணைக்குச் சரியாக இருக்கும். குழாய்க்கிணறு வைத்திருக்கும் பக்கத்துப் பண்ணையில் அதே அளவு வேலைக்கே ஆகாது. அங்கே அமிலம் பிரயோசனமில்லை என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள்.

சரியான அளவைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. பத்து லிட்டர் பிளாஸ்டிக் வாளியில் பண்ணைத் தண்ணீரை எடுத்துக்கொள்ள வேண்டும். ஊசி போடாத சிரிஞ்சில் அமிலத்தை எடுத்து, ஒரு மில்லி லிட்டர் விட்டுக் கலக்கி, பி.எச். தாளில் பார்க்க வேண்டும். பல பண்ணைகள் 4-க்கும் 5-க்கும் இடையில் நிறுத்துகின்றன. அந்த இடத்துக்கு வர எத்தனை மில்லி லிட்டர் ஆனது என்பதைப் பெருக்கினால் தொட்டிக்கான அளவு கிடைக்கும். மழைக்காலத்தில் ஒரு முறை, வறட்சியில் ஒரு முறை பார்ப்பது நல்லது. கிணற்று நீர் ஒரே மாதிரி இருப்பதில்லை. கடைசி நிப்பிளில் வரும் தண்ணீரையும் சோதிக்க வேண்டும். தொட்டியில் சரியாக இருப்பது கொட்டகையின் மறுமுனைக்கு வரும்போது மாறியிருக்கலாம்.

4-க்குக் கீழே இறக்கினால் கிருமி இன்னும் வேகமாகச் சாகும் என்ற ஆசை வரும். புளிப்பு அதிகமானால் கோழி குடிக்காது. தின்னும் தீனியைப்போல் சுமார் இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும் பறவை அது. நம் வெயிலில் இன்னும் அதிகம். தண்ணீர் குறைந்தால் தீனி குறையும், தீனி குறைந்தால் எடை குறையும். துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் இருந்தால் அதையும் அமிலம் அரித்துவிடும்.

தீவனத்திலும் இதே சுண்ணாம்புக் கதை உண்டு. எலும்பு வளரக் கோழித் தீவனத்தில் சுண்ணாம்புத் தூள் சேர்ப்பார்கள். அது அமிலத்தைக் குடித்துவிடும். அதைக் கணக்குப் பார்த்துச் சேர்ப்பது தீவன ஆலைக்காரர்களின் வேலை. நம் நாட்டில் நிறையப் பண்ணைகள் ஒப்பந்த முறையில் ஓடுகின்றன. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி கொடுக்கும். கொட்டகையும் உழைப்பும் பண்ணைக்காரருடையது. தீவன மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்பதில் அவருக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. தண்ணீர்த் தொட்டி மட்டும்தான் அவர் கையில். அதனால்தான் தண்ணீரைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன்.

எப்போது கொடுப்பது

ஐந்து வாரமும் தினமும் கொடுக்கும் பண்ணைகள் உண்டு. குறிப்பிட்ட நாட்களில் மட்டும் கொடுப்பவர்களும் உண்டு. இரண்டாவது முறையில் மூன்று கட்டங்கள் முக்கியம். குஞ்சு வந்த முதல் வாரத்தில் குடலில் நல்ல பாக்டீரியாக்கள் இன்னும் குடியேறியிருக்காது, காலி வீட்டில் யார் முதலில் நுழைகிறார்களோ அவர்களுடைய ராஜ்யம். அடுத்தது தீவனம் மாற்றும் நாட்கள்.

மூன்றாவது, அறுப்புக்கு முந்தைய சில மணி நேரம். எனக்கு மிகவும் சுவாரஸ்யமாகப் பட்டது இந்தக் கட்டம்தான். அறுக்கும்போது குடல் நிறைந்திருந்தால் கிழிந்து இறைச்சியில் படும் என்பதால், முன்கூட்டியே தீனியை நிறுத்திவிடுவார்கள். பசித்த கோழி சும்மா இருக்குமா? தரையில் விரித்திருக்கும் உமியையும் எச்சத்தையும் கொத்தும். தீனி இல்லாததால் தீனிப்பையில் லாக்டிக் அமிலம் சுரக்கும் நல்ல பாக்டீரியாக்களும் குறையும், புளிப்பும் இறங்கும். உமியோடு வந்த சால்மோனெல்லாவுக்கு அதுவே திறந்த கதவு. அறுப்புக்கூடத்தில் தீனிப்பை கிழிந்தால் இறைச்சி முழுவதும் பரவும். அமெரிக்க வேளாண்துறை ஆய்வாளர் பேர்டும் அவருடைய குழுவினரும் அந்தச் சில மணி நேரத்தில் மட்டும் குடிநீரில் 0.44 விழுக்காடு லாக்டிக் அமிலம் கலந்து பார்த்தார்கள். 2001-இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், தீனிப்பையில் சால்மோனெல்லா இருந்த கோழிகளின் எண்ணிக்கை நன்றாகவே குறைந்திருந்தது. ஐந்து வாரச் செலவு இல்லை, கடைசி நாளின் சில மணி நேரம் மட்டும். தண்ணீர்த் தொட்டியைத் தன் கையில் வைத்திருக்கும் பண்ணைக்காரர் செய்யக்கூடியது இது.

லாக்டிக் அமிலம் நமக்குப் புதியதா என்ன? தயிரின் புளிப்பும் தோசை மாவின் புளிப்பும் அதுதான். செர்டாங்கில் உள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்கள் லோ தெக் சுவென், ஃபூ ஹூய் லிங் குழுவினர், மலேசிய உணவுகளிலிருந்து பிரித்தெடுத்த லாக்டோபசில்லஸ் பாக்டீரியாக்களை வளர்த்து, அவை சுரக்கும் சாற்றைக் கோழித் தீவனத்தில் சேர்த்துப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். அந்தச் சாற்றில் கரிம அமிலங்களும், கெட்ட பாக்டீரியாவை அடக்கும் சிறு புரதங்களும் இருக்கின்றன. ஆன்டிபயாட்டிக்குக்கு மாற்றுத் தேடி எல்லோரும் வெளிநாட்டு டிரம்மையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, நம் நாட்டுப் புளித்த உணவிலேயே ஒரு பதில் தேடப்படுவது எனக்குப் பிடித்திருக்கிறது.

அமிலத்தால் ஆகாதது

பண்ணைகளில் அதிகம் சேதம் செய்யும் பாக்டீரியா நோய்களில் ஒன்று ஈ. கோலை தொற்று. கோழி மூச்சு வாங்கும், தளர்ந்து உட்காரும், அறுத்துப் பார்த்தால் இருதயத்தையும் ஈரலையும் சுற்றி மஞ்சள் படலம் ஒட்டியிருக்கும். இந்தக் கிருமி பெரும்பாலும் மூச்சு வழியாக உள்ளே போகிறது. ஈரமான உமியிலிருந்து கிளம்பும் அமோனியா மூச்சுக்குழாயின் உள்பூச்சை அரித்துவிடும். தூசியோடு வரும் கிருமி அந்த வழியே காற்றுப்பைக்குள் இறங்கிவிடும். தண்ணீரில் எவ்வளவு அமிலம் கலந்தாலும் காற்றுப்பைக்குப் போகாது. கொட்டகைக்குள் நுழைந்ததும் உங்கள் கண் எரிந்தால், முதலில் காற்றோட்டத்தையும் உமியையும் பாருங்கள். அமில டிரம்மை அப்புறம் திறக்கலாம்.

நோய் வந்துவிட்ட கோழிக்கு அமிலம் மருந்தாகாது. சாவு கூடும்போது காடியையும் அமிலத்தையும் மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டிருப்பது நாளை வீணாக்குவது. செத்த கோழியைப் பரிசோதனைக்குக் கொடுத்து, எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று தெரிந்துகொண்டு கால்நடை மருத்துவர் சொல்லும் மருந்தைக் கொடுக்க வேண்டும். மாவட்டக் கால்நடைச் சேவைத் துறை அலுவலகத்தில் வழி கேட்கலாம். நாட்டின் கால்நடை ஆய்வுக் கழகமே 1948 முதல் ஈப்போவில்தான் இருக்கிறது. மருந்து கொடுத்தால், அறுப்புக்கு முன் இத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்ற கணக்கைக் கடைப்பிடிக்க வேண்டும். மருந்தே கூடாது என்பதல்ல இந்தக் கட்டுரையின் வாதம். நோயுற்ற கோழிக்கு வேலை செய்யும் மருந்து மிஞ்ச வேண்டுமானால், நோயில்லாத கோழிக்கு அதைக் கொடுக்காமல் இருக்க வேண்டும். அமிலம் அந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகிறது.

'ஓரளவு' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆய்வுகளின் முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. சுத்தமான கொட்டகையில் நடந்த சோதனைகளில் அமிலம் கொடுத்ததற்கும் கொடுக்காததற்கும் பெரிய வித்தியாசம் தெரியாமல் போவதுண்டு. நெருக்கடியும் கிருமியும் அதிகமுள்ள இடத்தில் வித்தியாசம் தெரிகிறது. சால்மோனெல்லாவும் லேசான அமிலத்தில் கொஞ்ச நாள் இருந்தால் அதைத் தாங்கப் பழகும். அரைகுறை அளவு போடுவதில் உள்ள ஆபத்து அதுதான்.

செலவும் இருக்கிறது. கோழி வளர்ப்பில் தீவனச் செலவே மொத்தத்தில் சுமார் 70 விழுக்காடு. 2022 ஜூலையில் கோழிக்கு உச்ச விலை கிலோவுக்கு 9 வெள்ளி 40 காசு என்று அரசாங்கம் நிர்ணயித்தது. 2023 நவம்பர் 1-இல் விலைக் கட்டுப்பாடும் உதவித்தொகையும் எடுக்கப்பட்டன. அதற்குப் பின் லாபமோ நஷ்டமோ சந்தை சொல்வதுதான். அந்த நெருக்கடியில் மலிவான குறுக்கு வழி தேடும் ஆசை யாருக்கும் வரும்.

ரப்பர் ஆசிட்டைத் தொடாதீர்கள்

அந்தக் குறுக்கு வழிகளில் ஒன்றைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 'இரண்டும் ஃபார்மிக்தானே, ரப்பர் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே' என்று நினைக்கலாம். கூடாது. ரப்பருக்கு விற்கும் சரக்கு, உணவுக்கு வளர்க்கும் விலங்குக்குக் கொடுக்கும் தரத்தில் தயாரிக்கப்படுவதில்லை. அதில் வேறு என்ன கலந்திருக்கிறது என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அதைவிட மோசம், சிறு தோட்டக்காரர்களிடம் புழங்கும் ரப்பர் ஆசிட்டில் சல்ஃபியூரிக் அமிலமும் உண்டு. ரப்பர் தரத்தைக் கெடுக்கும் என்று மலேசிய ரப்பர் வாரியமே அதை வேண்டாம் என்று சொல்லி வந்திருக்கிறது. டிரம்மில் விலங்குத் தீவனத்துக்கு உரியது என்ற குறிப்பு இல்லையென்றால் கோழிக்குக் கொடுக்காதீர்கள். தீவனத்தில் சேர்க்கும் பொருள்களுக்கு 2009-ஆம் ஆண்டு விலங்குத் தீவனச் சட்டம் இருக்கிறது.

சரியான டிரம்மாக இருந்தாலும் அடர்த்தியான ஃபார்மிக் அமிலம் தோலைப் பொசுக்கும், கண்ணைக் கெடுக்கும். பால் ஸ்டோரில் நம் பெரியவர்கள் வெறுங்கையால் அதை அள்ளியிருக்கிறார்கள். அது அவர்களுடைய வீரம் அன்று; கையுறை கொடுக்காத காலம். இப்போது ரப்பர் கையுறையும் கண் கண்ணாடியும் இல்லாமல் தொடக்கூடாது. தண்ணீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றக்கூடாது. குளோரினையும் அமிலத்தையும் அடர்த்தியாக ஒரே பாத்திரத்தில் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். மூடிய ஸ்டோர் அறைக்குள் அது உயிருக்கே ஆபத்து.

வாங்கிச் சமைப்பவர்களுக்கு

அமிலம் இறைச்சியில் தங்குமா என்ற கேள்வி பலருக்கு வரும். தங்காது. அசெட்டிக், லாக்டிக், புரோப்பியோனிக் அமிலங்களை நம் குடலில் வாழும் பாக்டீரியாக்களே தினமும் தயாரிக்கின்றன. கோழியின் உடம்பும் நம் உடம்பும் அவற்றை எரித்துச் சக்தியாக்கிக்கொள்ளும்.

அமிலம் கொடுத்து வளர்த்த கோழி, 'ஆன்டிபயாட்டிக் இல்லாதது' என்று லேபிள் ஒட்டிய கோழி, பாசாரில் கண்ணெதிரே அறுத்த கோழி, எதுவாக இருந்தாலும் அதில் சால்மோனெல்லா அறவே இல்லை என்று சொல்ல முடியாது. பண்ணையில் குறைந்தால் நம் சமையலறைக்கு வருவது குறையும், அவ்வளவே. சிங்க்கில் குழாயைத் திறந்துவிட்டுக் கோழியைக் கழுவினால் கிருமி பக்கத்தில் இருக்கும் வெங்காயத்துக்கும் தட்டுக்கும் தெறிக்கும். கோழி வெட்டிய பலகையில் அப்படியே சாலட்டுக்கு வெள்ளரிக்காய் நறுக்கக்கூடாது. எலும்போரம் சிவப்பு இல்லாமல் வேகட்டும். இறைச்சியின் நடுப்பகுதி 75 டிகிரி செல்சியஸ் சூட்டைத் தொட்டால் சால்மோனெல்லா பிழைக்காது. நம் வீட்டுக் குழம்பு அதைத் தாண்டிக் கொதிக்கும். விருந்து வீடுகளில் அவசரமாகப் பொரிக்கும் பெரிய துண்டுகளில்தான் கவனம் தேவை.

வீட்டுப் பின்புறம் பத்துப் பதினைந்து கம்போங் கோழி

லயத்து வீட்டை விட்டு வந்தும் கோழிக்கூண்டை விடாதவர்கள் செமோர் பக்கம் நிறையப் பேர். அவர்களுக்கு டிரம் தேவையில்லை. கடையில் விற்கும் சமையல் காடியில் அசெட்டிக் அமிலம் சுமார் 5 விழுக்காடு இருக்கும். நான்கு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி என்ற அளவில் வாரத்தில் இரண்டு மூன்று நாள் கொடுப்பது பலருடைய பழக்கம். தண்ணீர்ப் பாத்திரத்தில் கிருமி பெருகுவதை அது மட்டுப்படுத்தும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். பாத்திரம் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். தகர வாளியில் பூசியிருக்கும் துத்தநாகத்தைக் காடி கரைத்துவிடும், அது கோழிக்கு விஷம். தினமும் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவாமல் காடியை மட்டும் ஊற்றினால் கொழகொழவென்று பாசிபோல் படியும். புளிப்பில் பாக்டீரியா அடங்கினாலும் ஈஸ்டும் பூஞ்சணமும் அடங்குவதில்லை. பெரிய பண்ணைகளில் நிப்பிள் அடைத்துக்கொள்வதும் இதே கொழகொழப்பால்தான்.

தடுப்பு மருந்து கொடுக்கும் நாளை மறந்துவிடாதீர்கள். மலாயில் 'சம்பார்' என்றும் நம்மவர்கள் வெள்ளைக் கழிச்சல் என்றும் சொல்லும் நியூகாசல் நோய்க்குக் குடிநீரில் கலந்து கொடுக்கும் மருந்தில் இருப்பது உயிருள்ள வைரஸ். அமிலமும் குளோரினும் அதைக் கொன்றுவிடும். மருந்துத் தண்ணீரைக் கோழி குடித்திருக்கும், பாதுகாப்பு மட்டும் கிடைத்திருக்காது. மருந்து கொடுப்பதற்கு ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் முன்பே காடியை நிறுத்திப் பாத்திரத்தை வெறும் தண்ணீரில் கழுவ வேண்டும். குழாய்த் தண்ணீராக இருந்தால் முதல் நாளே பிடித்துத் திறந்து வைத்து, கொழுப்பு நீக்கிய பால்மாவு கொஞ்சம் கரைத்து, அதில் மருந்தைக் கலக்கலாம். மறுநாளுக்குப் பிறகு மறுபடியும் காடி கொடுக்கலாம்.